ஆடு சந்தைக்குப் போகும் முன்பே உதவி வரட்டும்

பாலைவனமாதலைத் தடுக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் உறுப்பு நாடுகளுக்கு,

வணக்கம். 2024 டிசம்பரில் ரியாத்தில் கூடினீர்கள். வறட்சியை எதிர்கொள்ள உலக அளவில் ஓர் ஒப்பந்தம் வரும் என்று எதிர்பார்த்தோம். அது இழுபறியாகி, மங்கோலியாவில் நடக்கும் அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தீர்கள். அந்தப் பேச்சில் ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது: உதவி எப்போது வந்து சேர்கிறது என்பது.

மழையை மட்டும் நம்பி விதைக்கும் குடும்பத்துக்கு, அரசு அறிவிக்கும் நாளிலா வறட்சி தொடங்குகிறது? பயிர் பூக்கும் நேரத்தில் இரண்டு மூன்று வாரம் மழை இல்லாமல் போனாலே கதிர் மணி பிடிக்காமல் சாவியாகிவிடும். பருவம் முழுவதற்குமான மழைக் கணக்கில் அது தெரியாமலும் போகலாம். அப்புறம் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு குறையும். ஆடு சந்தைக்குப் போகும். எல்லோரும் அதே நேரத்தில் விற்க வருவதால் ஆட்டு விலை விழும், தானிய விலையோ ஏறும். பிறகு உழவு மாடு. கடைசியில் விதைக்கு வைத்திருந்த தானியமும் உலைக்குப் போய்விடும். மறு வருஷம் நல்ல மழை பெய்தாலும் உழ மாடில்லை, விதைக்க விதையில்லை. வறட்சி முடிந்ததாகக் கோப்பை மூடிய பிறகுதான் பல குடும்பங்களில் நிலம் கைமாறுகிறது.

சோமாலியாவை நினைத்துப் பாருங்கள். 2010இலேயே எச்சரிக்கைகள் வந்துவிட்டன. பஞ்சம் என்று அறிவித்தது 2011 ஜூலை 20 அன்று. சுமார் 2,60,000 பேர் இறந்தார்கள், அதில் பாதிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அறிவிப்புக்கு முன்பே இறந்தவர்கள் ஏராளம். போரும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை கையில் இருந்தும் இழந்த அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

உழவர்கள் சும்மா இருக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் யாக்கூபா சவடோகோ என்ற உழவர், இறுகிப்போன நிலத்தில் மழைக்கு முன்பே குழி தோண்டி எருவிட்டு, பெய்த நீரை அங்கேயே தேக்கிப் பயிர் எடுத்துக் காட்டினார். ஆனால் குழி தோண்ட உடம்பில் தெம்பு வேண்டும். பசித்த வீட்டில் ஆண்கள் கூலி தேடி வெளியூர் போயிருப்பார்கள்.

அதனால் கேட்கிறேன். எவ்வளவு மழை தவறினால் எவ்வளவு பணம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, நிதியையும் ஒதுக்கிவையுங்கள். அந்த அளவு தொட்டதும், இன்னொரு கூட்டம் போடாமல் பணமும் தீவனமும் விதையும் ஊருக்குப் போகட்டும். தொலைவில் இருக்கும் ஒரு மழைமானியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே பெய்த மழை இங்கே வயலில் பெய்திருக்காது. பயிரின் நிலையை அந்த ஊர்க்காரர்களிடமும் கேளுங்கள். அப்புறம், குத்தகைக்கு உழுபவர்களும் கணவன் பேரில் உள்ள நிலத்தில் பாடுபடும் பெண்களும் வந்து நின்றால், பட்டா கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
மானாவாரி உழவர்களுக்காகப் பேசும் ஒருவர்