கணக்காய்வுக்குப் போன மகளுக்கு

பொகவந்தலாவை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

உள்ளகக் கணக்காய்வுப் பிரிவுக்கு உன்னை மாற்றியிருப்பதாக எழுதியிருந்தாய். திருடனைப் பிடிக்கிற வேலை என்று உன் அம்மா லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். நிறுவன முறைகேட்டில் பெரும்பகுதி திருடனே இல்லாமல் நடக்கிறது என்பதை அவளுக்கு என்னால் விளக்க முடியவில்லை; உனக்காவது எழுதுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்து ஆபிசில் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டை எழுதிய காலத்தில், கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று ஆளுக்கு 2 கிலோ கழிப்பார்கள். மழைநாளில் அது ஓரளவு நியாயம்தான். பெப்ரவரி வெயிலில், ஒரு சொட்டு ஈரமில்லாத கொழுந்து வந்த நாட்களிலும் அதே 2 கிலோ கழிந்தது. கழித்த கொழுந்தும் தேயிலையாகத்தான் போனது; ஆனால் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. நிறுத்தவரும் சரி, கணக்கப்பிள்ளையும் சரி, அதில் ஒரு சதம் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. 100 கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஏறத்தாழ 22 கிலோ தேயிலை கிடைப்பதே வழக்கமாயிருக்க, எங்கள் மாத அறிக்கையில் அது 24, 25 என்று நின்றது; கொழும்பிலிருந்து பாராட்டும் வந்தது. அந்தக் கூடுதல் தேயிலை யாருடைய கூடையிலிருந்து வந்தது என்று கேட்கவேண்டியவர்களுக்கு அந்த எண் இனித்தது. ஆகவே உங்கள் நிறுவனத்தில் நட்டத்தில் ஓடும் கிளையைப் பார்க்குமுன், கணக்குக்கு மீறி நன்றாக நடக்கும் கிளையைப் பார்.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியிலும் இதுதான் நடந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு 8 சேவைகள் விற்கவேண்டும் என்று மேலிடம் இலக்கு வைத்தது; கீழே இருந்தவர்கள் வாடிக்கையாளர் கேளாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் வங்கிக்கு 18.5 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டபோது, அதுவரை வேலையிழந்திருந்தவர்கள் சுமார் 5,300 பேர், பெரும்பாலும் சாதாரண ஊழியர்கள். இலக்கு வைத்தவர்களின் முறை பிறகுதான் வந்தது. வழக்கம்போல!

தடுப்பதற்குப் பெரிய தத்துவம் வேண்டியதில்லை. உங்கள் அடகுப் பிரிவில் நகையை மதிப்பிடுபவரும் கடனை அனுமதிப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது. ஆண்டில் இரண்டு வாரமாவது ஒருவர் கட்டாயம் விடுமுறையில் போய், அவருடைய புத்தகத்தை வேறொருவர் திறக்கவேண்டும். லீவே எடுக்காத உத்தமரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். "எல்லாக் கிளையிலும் இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அதை எழுதித் தரச் சொல். வாய்ச்சொல்லாக வந்த கட்டளைக்கு உன் கையெழுத்து போகக்கூடாது.

இலங்கையின் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கி, தகவல் தருபவருக்குப் பாதுகாப்பும் சொல்கிறது. ஆனால் நான் மேலே சொன்ன கழிவு போன்ற காரியங்களில் இலஞ்சமே கைமாறுவதில்லை. அங்கே உன் அறிக்கை யாரிடம் போகிறது என்பதுதான் முக்கியம். அது பொது முகாமையாளரின் மேசையோடு நின்றுவிடுகிறதா, பணிப்பாளர் சபையின் கணக்காய்வுக் குழுவுக்கு நேரே போகிறதா என்று நீ எழுதவில்லை. விசாரித்து எழுது.

அன்புடன்,
அப்பா