கொங்கிறீற் போடுவதற்கு முன் ஒருமுறை வாருங்கள்

யாழ். மாவட்ட உள்ளூராட்சி மன்றங்களின் முதல்வர், தவிசாளர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் ஆகியோருக்கு,

வணக்கம். ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என இந்த மாவட்டத்தில் 17 மன்றங்கள் இருக்கின்றன. காணி வாங்கி, கடன் எடுத்து, வீடு கட்டப் புறப்படும் எவரும் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். நானும் வந்தேன். வரைபடத்தைக் கவனமாகப் பார்த்தீர்கள். வீதி எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், அயல் வேலியிலிருந்து எவ்வளவு தூரம், அறைக்குப் போதிய யன்னல் உண்டா, மலசலகூடக் குழி கிணற்றுக்கு அருகே வருகிறதா என்று எல்லாம் கேட்டீர்கள். கேட்டது நியாயம். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் ஓடும் நீரை நம்பியிருப்பவை. அழுக்கு ஒருமுறை இறங்கினால் அதைத் தடுக்க ஒன்றுமில்லை.

ஆனால் அனுமதி கையில் கிடைத்த நாளிலிருந்து பிளாட், அதாவது கொங்கிறீற் கூரைத் தட்டு, போட்டு முடிந்த நாள்வரை, உள்ளே கட்டிய கம்பியைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் வீடு கட்டியவர்களைக் கேட்டால் அவர்களும் அதையே சொல்கிறார்கள். சுவர் கோணலாக இருந்தால் யாரும் பார்க்கலாம், இடித்துத் திருத்தலாம். நிறம் பிடிக்காவிட்டால் மாற்றி அடிக்கலாம். கம்பி மட்டும் கொங்கிறீற் ஊற்றிய மறுகணமே கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அதன் பிறகு எந்த உத்தியோகத்தர் வந்தாலும் பார்க்க ஒன்றும் இராது.

எங்கே பிழை நேர்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தூணில்லாத போர்ட்டிக்கோவும் யன்னலுக்கு மேல் நீளும் சன்சேட்டும் ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ளவை. மேலே பாரம் ஏறும்போது அந்தத் தட்டின் மேற்பக்கம் இழுபடுகிறது, கீழ்ப்பக்கம் அமுங்குகிறது. கொங்கிறீற் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே பிரதான கம்பி மேற்பக்கத்தில் இருக்கவேண்டும். நடு அறையின் பிளாட்டிலோ, சுவருக்குச் சுவர் நடுவில் அது கீழ்ப்பக்கத்தில் இருக்கவேண்டும். இது ஒன்றும் பெரிய பொறியியல் இல்லை, ஒரு பாடசாலை மாணவனுக்கும் விளங்கும். என் வீட்டில் மேசன் கம்பியைச் சரியாக மேலேதான் கட்டியிருந்தார். ஆனால் அதைத் தாங்கிப்பிடிக்க அடியில் போதிய முட்டு வைக்கவில்லை. காலையில் கொங்கிறீற் சுமந்த பிள்ளைகள் அதன்மேல் நடந்து நடந்து, கம்பி, கொங்கிறீற்றைத் தாங்க அடியில் அடித்த பலகையை நோக்கிப் பாதி இறங்கிவிட்டது. ஐந்து அங்குலத் தட்டில் இரண்டு அங்குலம் இறங்கினால் மேலே இழுபடும் இடத்தில் பிடிக்க இரும்பே இல்லை. நான் நிறுத்தச் சொன்னபோது, "இத்தனை வருடமாக இப்படித்தான் கட்டுகிறோம் ரீச்சர், ஒன்றும் நடக்காது" என்றார். கோபமில்லாமல், நல்ல மனத்தோடுதான் சொன்னார். கம்பியைத் தூக்கி, வளைத்த துண்டுக் கம்பிகளை அடியில் முட்டாக வைத்துக் கட்ட அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. கலவை இயந்திரம் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்து வைத்த நல்ல நேரம் போகிறதே என்று வீட்டில் ஒரே பதற்றம்.

மேசன்மாரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. 1990களில் சீமெந்தும் இரும்பும் இந்தக் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்ட பொருட்களாக இருந்தன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் 1990இல் நின்றுபோனது. கம்பி கட்டி, பிளாட் போட்டு, மூத்தவரின் கைப்பார்த்துத் தொழில் பழகவேண்டிய ஒரு தலைமுறை அந்த வாய்ப்பே இல்லாமல் வளர்ந்தது. போர் முடிந்த 2009க்குப் பிறகு திடீரென்று எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வீடுகள் எழுந்தன. பிழையைச் சுட்டிக்காட்ட அனுபவப்பட்ட ஒரு கண் எத்தனை இடத்தில் இருந்திருக்கும்?

எங்கள் மண்ணுக்கென்று இன்னொரு தொல்லையும் இருக்கிறது. தீவகத்திலும் கரையோர ஊர்களிலும் கிணற்று நீர் சவர், உப்புக் கலந்தது. நல்ல கொங்கிறீற் காரத்தன்மை உள்ளது. அது கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலத்தை உருவாக்கித் துருவிலிருந்து காக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை உடைத்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த நெருக்குதலில் கொங்கிறீற் உள்ளிருந்து வெடிக்கிறது. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் பீமின் அடியில் கம்பி ஓடும் வழியே நேர்கோடாக ஒரு வெடிப்பும், அதில் பழுப்புக் கறையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். சவர்த் தண்ணீரில் குழைப்பதும், கழுவாத கடற்கரை மணலைக் கலப்பதும், கம்பிக்கும் பலகைக்கும் இடையில் இடைவெளி விடாமல் ஊற்றுவதும் சேர்ந்துதான் இதைச் செய்கின்றன. வீட்டுக்குள் இருக்கும் தட்டுக்கு 20, 25 மில்லிமீற்றர் இடைவெளி போதும் என்றால், கடற்காற்று நேரே படும் தூணுக்கும் பீமுக்கும் 40, 50 மில்லிமீற்றராவது வேண்டும். உடைந்த ஓட்டுத்துண்டையும் சல்லிக்கல்லையும் அடியில் செருகி இடைவெளி விடுகிறார்கள்; முதல் நடையிலேயே அவை சரிந்துவிடும். வேண்டிய இடைவெளியின் உயரத்துக்குச் சீமெந்துக் கட்டிகளை முந்திய வாரமே வார்த்து வைத்தால் காசாக எவ்வளவு வரும்? பிளாட் போடும் அன்று ஆட்டிறைச்சிக் கறிக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கு.

இரும்புக் கடை விடயத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 12 மில்லிமீற்றர் கம்பி ஆறு மீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ 5.3 கிலோ, 10 மில்லிமீற்றர் என்றால் 3.7 கிலோ நிற்கவேண்டும். எண்ணிக்கையில் வாங்கும்போது மெலிந்த கம்பி தெரியாது, தராசில் வைத்தால் தெரிந்துவிடும். எஸ்.எல்.எஸ். 375 என்ற இலங்கைத் தர நியமம் கம்பிக்கு இருக்கிறது என்பதே வீடு கட்டும் பலருக்குத் தெரியாது.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. அனுமதிப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை சேருங்கள்: அத்திவாரத்துக்கும் பிளாட்டுக்கும் கொங்கிறீற் போடுவதற்கு இரண்டு நாள் முன் வீட்டுக்காரர் சபைக்கு அறிவிக்கவேண்டும், உத்தியோகத்தர் ஒருவர் வந்து கம்பியைப் பார்த்துக் கையொப்பம் இடவேண்டும். அதற்குக் கட்டணம் அறவிடுங்கள், மகிழ்ச்சியோடு கட்டுவோம். ஆளணி போதாது என்பீர்கள். உண்மைதான், ஓர் உத்தியோகத்தர் தலையில் எத்தனை வீதி, எத்தனை வாய்க்கால் வேலை என்பது எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் மேற்பார்வையில் இது நல்ல பயிற்சியாகும். அதுவும் முடியாத இடத்தில், அளவுநாடாவைக் கம்பியின்மேல் வைத்து எடுத்த படங்களை அனுப்பச் சொல்லிப் பார்த்து ஒப்புதல் தரலாம். கனடாவிலும் இலண்டனிலும் இருந்து காசு அனுப்பும் அண்ணன் தம்பிமார் இப்போதே கைபேசியில்தான் வீட்டைப் பார்க்கிறார்கள். எதைப் பார்ப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியாது.

கூடவே ஒரு தாள் வேண்டும். தமிழில், படத்தோடு, ஒரு பக்கத்துக்கு மிகாமல். எந்தத் தட்டுக்குக் கம்பி மேலே, எதற்குக் கீழே. எவ்வளவு இடைவெளி. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டும்போது கம்பியின் விட்டத்தைப்போல் 40 முதல் 50 மடங்கு நீளம் ஒன்றன்மேல் ஒன்று போகவேண்டும் என்பது; 12 மில்லிமீற்றர் கம்பிக்கு அது ஏறத்தாழ இரண்டு அடி. எல்லா இணைப்பையும் ஒரே வரிசையில் வைக்கக்கூடாது என்பது. இதை மேசனின் கையிலும் வீட்டுக்காரரின் கையிலும் கொடுத்தால் அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். நான் ரீச்சர் என்பதால் என் வாயைப் பொறுத்துக்கொண்டார்கள். கணவர் வெளிநாட்டில் இருக்க, தனியே நின்று வீடு கட்டும் பெண்களின் பேச்சு அந்த இடத்தில் எடுபடுவதில்லை. சபையின் முத்திரை பதித்த தாள் என்றால் எடுபடும்.

மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் எல்லாப் பக்கமும் கலவை இயந்திரங்களின் சத்தம் தொடங்கிவிடும். நிபந்தனை சேர்க்கத் தீர்மானம், கூட்டம் என்று நாளெடுக்கலாம். தாளை அச்சிட அவ்வளவு நாள் தேவையில்லை. மார்கழிக்குள் அதை உங்கள் விண்ணப்பப் படிவத்தோடு சேர்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
வலிகாமத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியை