தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டாதீர்கள்: கொழும்பு மென்பொருள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வங்கிக்கும் பாடசாலைக்கும் அரச அலுவலகங்களுக்கும் இணையப் படிவங்கள் செய்துகொடுப்பவர்கள் நீங்கள். அண்மையில் என் அம்மாவின் விண்ணப்பம் அச்சாகி வந்தபோது, 'சிவகாமசுந்தரி' என்ற பெயர் 'சிவகாமசுந்' என்று நின்றிருந்தது. கேட்டதற்கு, "எங்கட கம்பியூட்டரில சரியாத்தானே வருது" என்றார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். சிக்கலும் அங்கேதான்.

அந்தப் பெயர் கண்ணுக்கு 8 எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில் 13 குறியீடு (எழுத்துக்கும் அதன் துணைக்குறிக்கும் தனித்தனி), அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறியீட்டுக்கு மூன்றாக 39 பைட். பிஎச்பி நிரல்மொழியில், பைட்டை விட்டுக் குறியீட்டை எண்ணும் எம்பிஸ்ட்ரிங் நீட்சி தானாக வராது. பில்ட் செய்யும்போது, அதாவது மூலநிரலிலிருந்து பிஎச்பியை உருவாக்கும்போது, கேட்டுச் சேர்க்க வேண்டும். 'அது இல்லாவிட்டால் சாதாரண பைட் கணக்கைப் பயன்படுத்து' என்று நிரலில் ஒரு வரி இருந்தால் போதும். உங்கள் மேசையில் 13 என்று எண்ணி, 30 என்ற எல்லைக்குள் விடும் அதே நிரல், அந்த நீட்சி இல்லாத சேர்வரில் 39 என்று எண்ணி 30ஆவது பைட்டில் வெட்டிவிடும். மிஞ்சுவது 'சிவகாமசுந்'. எல்லை 31 ஆக இருந்தால் 'த' உடைந்து கேள்விக்குறியாகும்.

பைத்தன் நிரல்மொழியிலும் இப்படித்தான், பில்டைப் பொறுத்து எண்ணிக்கை மாறியது. 2012இல் 3.3 பதிப்பு வரும்வரை நேரோ (குறுகியது), வைட் (அகலமானது) என்று இரண்டு வகை பில்ட். நம் அன்றாட எழுத்துகளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 2019இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி போன்ற பின்னக் குறிகள் முதல் 65,536 இடங்களுக்கு வெளியே இருப்பவை. பழைய சிங்கள எண்களும் அப்படியே. நேரோ பில்டில் அவை ஒவ்வொன்றும் இரண்டாக எண்ணப்படும்.

பைத்தன் அதைச் சரிசெய்துவிட்டது. ஆனால் எழுத்துக் கோலங்களைத் தேட உதவும் அதன் ரெகெக்ஸில் 'சொல்லெழுத்து' (\w) என்று கேட்டால், விசிறிக்கும் (ி) புள்ளிக்கும் (்) இன்றும் இடமில்லை. 'தமிழ்' என்ற சொல் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகும். 'எழுத்துகள் மட்டும்' என்று சரிபார்க்கும் படிவம் நம் பெயர்களைப் பிழை என்று திருப்பி அனுப்புவது இதனால்தான்.

தயவுசெய்து சேர்வரில் ஓடும் அதே பில்டில், நீளமான தமிழ், சிங்களப் பெயர்களைப் போட்டுச் சோதியுங்கள். நீள எல்லையைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் எண்ணுங்கள். பிஎச்பியின் இன்டில் நீட்சி அதைச் செய்யும். 'கொ'வை ஒருவர் ஒரே துணைக்குறியாகவும் இன்னொருவர் ஒற்றைக் கொம்பும் காலுமாகவும் அனுப்பக்கூடும். சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றாவிட்டால், தேடும்போது கிடைக்காது.

அப்புறம், ஏற்கெனவே வெட்டுப்பட்ட பெயர்களையும் தேடி எடுத்து, உரியவர்களிடம் கேட்டுத் திருத்துங்கள். தரவுத்தளத்தில் பாதிப் பெயர்தான் இருக்கிறது என்றால், மீதியை எந்தப் புதிய பில்டாலும் கொண்டுவர முடியாது.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு நிரலாளர்