பினாங்கு மாநில விவசாய இலாகாவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

பிறையில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் சில குடும்பங்கள் சேர்ந்து சவிக்கீரை, கத்தரி, வெண்டை போடுகிறோம். சவி இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசியால் குத்தியது மாதிரி முழுக்க ஓட்டை. தெள்ளு வண்டின் வேலை. மருந்து அடித்தால் இலைமேல் இருக்கும் வண்டு சாகிறது. மண்ணுக்குள் வேரைக் கடிக்கும் அதன் புழுக்கள் தப்பிவிடுகின்றன. அப்புறம் அவை வண்டாகி மேலே வரும், மறுபடியும் மருந்து. அந்தப் பாத்திகளைச் சுற்றித்தான் எங்கள் பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள்.

மண்ணுக்குள் போய் அந்தப் புழுவைத் தேடிப் பிடிக்கும் நூற்புழுக்கள், அதாவது நூல் மாதிரி மெல்லிய மிகச் சிறிய புழுக்கள், இருக்கின்றன. பூச்சியின் வாய் வழியாகவோ மூச்சுத்துளை வழியாகவோ உள்ளே நுழைந்து, தங்கள் குடலில் சுமந்து வரும் பாக்டீரியாவை அதன் உடலுக்குள் விடும். பூச்சி பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் செத்துவிடும். இவற்றில் ஹெட்டரோராப்டைட்டிஸ் என்ற வகை தாக்கிய புழு செங்கல் நிறமாகும், அழுகல் நாற்றமும் அடிக்காது. மனிதருக்கும் மண்புழுவுக்கும் இதனால் கெடுதல் இல்லை. தக்காளி வேரில் முடிச்சு போடுகிற நூற்புழு வேறு, இது வேறு. இந்தக் குழப்பத்தாலேயே பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். அதை நீங்கள்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

எல்லாப் பூச்சிக்கும் இது சரிப்படாது என்பதும் தெரியும். இலைக்கடியில் ஒட்டியிருக்கும் அசுவினிக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். வெட்டுப்புழு, தெள்ளு வண்டுப் புழு, வெண்புழு என்று மண்ணோடு சம்பந்தப்பட்டவற்றுக்குத்தான் இது.

எங்கள் கோரிக்கை ஒன்றே. குளிர்நாட்டு இனங்களை இங்கே இறக்கிப் பயனில்லை. ஸ்டெய்னர்னீமா ஃபெல்ட்டியே என்ற நூற்புழு குளிர்ந்த மண்ணில்தான் நன்றாக வேலை செய்யும். ஹெட்டரோராப்டைட்டிஸ் இண்டிகா வெப்பம் தாங்கும். 1992இல் இந்தியாவிலிருந்து விவரிக்கப்பட்ட இந்த இனம் மலேசிய மண்ணிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. மெழுகு அந்துப்பூச்சியின் புழுவை இரையாக மண்ணில் வைத்தாலே அந்த நூற்புழுவைப் பிடிக்கலாம். அப்படி ஒரு புழுவிலிருந்து லட்சக்கணக்கில் நூற்புழுக்கள் வெளிவரும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இதே மாநிலத்தில் இருக்கிறது. அவர்களோடு சேர்ந்து உள்ளூர் இனத்தைப் பெருக்கி, சமூகத் தோட்டங்களுக்குச் சிறு பொட்டலங்களாகக் கொடுங்கள்.

கொடுக்கும்போது குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுங்கள். உயிருள்ள சரக்கு இது, வெயிலில் கிடந்தால் பொட்டலத்திலேயே செத்துப்போகும். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2.5 லட்சம் நூற்புழுக்கள் வேண்டும், வெயில் தாழ்ந்த பிறகு ஈர மண்ணில் ஊற்ற வேண்டும், காய விடக்கூடாது என்ற குறிப்புகளை மலாயோடு தமிழிலும் சீனத்திலும் அச்சிடுங்கள்.

முதல் சோதனைக்கு இடம் வேண்டுமானால் எங்கள் சவிப் பாத்திகளைத் தருகிறோம். பாதியில் நூற்புழு விட்டு, பாதியை அப்படியே வைத்து, உங்கள் அதிகாரி வந்து இலைகளைப் பார்த்துக் கணக்கெடுக்கட்டும்.

இப்படிக்கு,
பிறை சமூகத் தோட்டக்காரர் ஒருவர்