மாடிக்கு ஏசி மாட்டும் முன்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் துபாயிலிருந்து வந்ததும் திருநகர் வீட்டு மாடியில் இரண்டு ஏசி மாட்டச் சொன்னாய். மாட்டலாம் தாயி, அதற்கு முன்னால் செய்ய வேண்டியது இருக்கிறது.

நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்து வருவதுதான். எல்லா மின்சாரத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலே யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஒன்றரை டன் ஏசி ராத்திரிக்கு எட்டு யூனிட் இழுத்தால் ஐந்தரைக் கிலோ. ஏசி வெளியே தள்ளும் சூடுதான் உலகைக் காய்ச்சுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பங்கு மிகச் சிறியது. தரை திருப்பி அனுப்பும் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அந்த வாயு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. மேலே போனதில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே நிற்கும். உன் பிள்ளைகள் காலத்துச் சித்திரை வெயிலை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது.

அதனால் முதலில் மொட்டை மாடி. பாசியைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் ஒரே மழையில் உரிந்துவிடும். அடுத்து, 75 வாட் மின்விசிறிகளுக்குப் பதில், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த 30 வாட் பிஎல்டிசி விசிறிகள். காற்றாடி சுற்றினால் ஏசியை 26-ல் வைத்தாலே போதும். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம்.

ஏசி மாட்டும் அன்று நீயே பக்கத்தில் நில். அவசரத்தில் சிலர், குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்ப் போடாமல், உள்ளேயிருக்கும் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டே குழாய்க் காற்றை வெளியே தள்ளுவார்கள். விடாதே. ஈரம் உள்ளே தங்கி கம்ப்ரசர் கெடும், கேஸும் வீண். இப்போதைய ஏசிகள் பலவற்றில் குளிரூட்ட இருக்கும் ஆர்-32 கேஸ் கரியமில வாயுவைவிடச் சுமார் 700 மடங்கு சூட்டைப் பிடிக்கும். ஒரு கிலோ கசிந்தால் ஆயிரம் யூனிட் மின்சாரம் எரித்ததற்குச் சமம். கசிவது பெரும்பாலும் செம்புக் குழாயின் ஃபிளேர் முனையில், அதாவது நட்டுப் போட்டு இணைக்க விரித்த வாயில். நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் வாய் விரிசல் விடும், தளர்ந்தாலும் ஒழுகும். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்.

சோலாருக்குத் தெற்குப் பக்கம் இடம் விட்டிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி நிழல் காலையில் அங்கே விழுகிறது, அதை மட்டும் தள்ளி வைக்க வேண்டும். மூன்று கிலோவாட் போட்டால் நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் தரும். மோட்டாரும் வாஷிங் மெஷினும் பகலில் ஓடட்டும். பெயின்டருக்குச் சொல்லட்டுமா?

அப்பா