குழுவைக் கலைக்கலாம், சட்டத்தில் கை வைக்கும்முன் படித்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காலாவதியான அரசுக் குழுக்கள் பற்றிய உங்கள் கட்டுரை, அமெரிக்காவின் பொதுத் தொலைபேசிகளுக்காக இருந்த ஏற்பாடுகள் அத்தனையையும் வெட்டிச் செலவு என்று தள்ளிவிட்டது. பாதிதான் சரி.

1999இல் இங்கே சுமார் 21 லட்சம் பொதுத் தொலைபேசிகள் இருந்தன. 2016இல் ஒரு லட்சம்கூடத் தேறவில்லை. கலிபோர்னியாவில் இவற்றுக்கென்றே ஓர் ஆலோசனைக் குழுவைச் சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். போனே இல்லாத ஊரில் அந்தக் குழு கூடி என்ன பேசும்? கலைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

போன் பெட்டி நடத்துபவர்களுக்குக் கொடுத்த பணத்தின் தணிக்கையும் அப்படித்தான். தொண்ணூறுகளில் காலிங் கார்டு (முன்பணம் கட்டிய அழைப்பு அட்டை) வாங்கி ஊருக்குப் பேசியவர்களுக்கு நினைவிருக்கும்: தெருமுனை போனிலிருந்து அழைத்தால் கார்டில் கூடுதலாகக் காசு பிடிப்பார்கள். கார்டில் உள்ள கட்டணமில்லா எண்ணைச் சுழற்றும்போது பெட்டிக்குள் காசு விழாது அல்லவா, அதனால் பெட்டிக்காரருக்குத் தொலைபேசி நிறுவனம் அழைப்புக்கு இவ்வளவு என்று தர வேண்டியிருந்தது. கடைசியாக இருந்த விலை 49.4 சென்ட். கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று ஆண்டுதோறும் வெளித் தணிக்கையாளர் வந்து பார்க்க வேண்டியிருந்தது. சில நிறுவனங்களுக்குப் பெட்டிக்காரருக்குக் கொடுத்த தொகையைவிடத் தணிக்கைச் செலவே அதிகமாகிப்போனது. 2018இல் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் அந்தத் தணிக்கை விதியை எடுத்துவிட்டது. நல்ல காரியம்.

ஆனால் அந்தக் கட்டண விதிக்கு வேரான, 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தில் 1996இல் சேர்க்கப்பட்ட 276ஆம் பிரிவையும் அதே குப்பைக்கூடையில் போடச் சொல்வதுதான் இடிக்கிறது. அந்தப் பிரிவில் ‘பொதுத் தொலைபேசிச் சேவை’ என்பதற்குள் சிறைக்கைதிகளின் தொலைபேசியும் அடக்கம். சிறைக்குள் கைதிக்கு வேறு போன் கிடையாது. ஒப்பந்தம் எடுத்த கம்பெனி சொன்னதுதான் விலையாக இருந்தது. வாஷிங்டனைச் சேர்ந்த மார்த்தா ரைட் என்ற பாட்டி, சிறையிலிருந்த பேரனோடு பேச ஆகிற செலவு தாளாமல் வழக்குப் போட்டார். இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேல் இழுத்த அந்தப் போராட்டத்தில் ஆணையம் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்க முயன்றபோது பிடித்துக்கொண்ட பிரிவுகளில் 276ம் ஒன்று. மாநிலத்துக்குள் பேசும் அழைப்புகளில் தலையிட அதிகாரம் போதாது என்று 2017இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் 2023 ஜனவரியில் அவர் பெயராலேயே வந்த சட்டம் அந்தக் குறையைத் தீர்த்தது, இதே 276ஐத் திருத்தி. பாவம், அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

சாலையோரப் பெட்டி போய்விட்டது என்று அந்தப் பிரிவை முன்பே நீக்கியிருந்தால் லாபம் சிறைத் தொலைபேசிக் கம்பெனிகளுக்குத்தான். ஒரு குழுவைக் கலைக்கும் உத்தரவில், அதனிடம் மிச்சமிருக்கும் வேலை என்ன, இனி அது யார் பொறுப்பு என்று இரண்டு வரி சேர்ப்பது பெரிய செலவில்லை. உங்கள் அடுத்த கட்டுரை அதைப் பற்றி இருந்தால் மகிழ்வேன்.

– ஒரு வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா