போர்வையைத் தைத்துக் கொடுத்த அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு எங்கள் வீட்டார் அனைவரின் ஸ்தோத்திரங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத இன்னும் கை வரவில்லை. ரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரி கண்விழித்து உட்கார்ந்திருந்தவர்கள், வண்டி எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர்கள், பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள், பணம் கட்டும் இடத்தில் எங்களுக்கு முன்னால் போய் நின்றவர்கள், உபவாசித்து ஜெபித்தவர்கள், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்வோம். ஆனால் இந்த மடலில் பெரும்பகுதி ஒரு போர்வைக்குத்தான் போகப்போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபையிலிருந்து வந்த அக்கா ஒருவர், கட்டிலின் கால்மாட்டில் சுருட்டிக் கிடந்த பழைய பருத்திப் போர்வையை எடுத்தார். நடுவில் 8 சென்டிமீட்டர் கிழிசல். "எப்படி இருக்கு, டாக்டர் என்ன சொன்னாரு" என்று எதுவும் கேட்கவில்லை. "ஊசி நூல் கொண்டு வந்திருக்கேன்மா, நீ படு" என்றார். அவ்வளவுதான். மதியம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தார்.

அவர் செய்ததை வரிசையாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒட்டுப்போடுவது சின்ன வேலை என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

முதலில் ஊசியைத் தொடவில்லை. போர்வையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கிழிசலைச் சுற்றி நாலா பக்கமும் 3 சென்டிமீட்டருக்குத் துணி நைந்து, வெளிச்சம் உள்ளே வந்தது. கண்ணுக்குத் தெரிகிற கிழிசல் எப்போதும் உண்மையான சேதத்தைவிடச் சிறியது. நைந்த இடத்திலேயே தையல் விழுந்தால், அந்தத் தையலோரமே அடுத்த கிழிசலாகிவிடும். ஆகவே ஒட்டு நைந்த பகுதியையும் தாண்டி, நல்ல துணிக்குள் இன்னும் 3 சென்டிமீட்டர் போய் உட்கார வேண்டும். 8 சென்டிமீட்டர் கிழிசலுக்கு 20 சென்டிமீட்டர் ஒட்டு!

அடுத்தது, எந்தத் துணி என்பது. வீட்டில் புதுத் துணி இருந்தது. வேண்டாம் என்றார். தம் பையிலிருந்து பலமுறை துவைத்துச் சாயம் வெளுத்த துண்டு ஒன்றை எடுத்தார். காரணம் இதுதான். தறியில் பாவு இழைகளை, அதாவது நீளவாட்டு இழைகளை, விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். இழை அறாமலிருக்கக் கஞ்சியும் ஏற்றுகிறார்கள். தண்ணீர் பட்டதும் கஞ்சி கரையும், இழை ஊறி உப்பும், இழுத்த இழுப்பு தளரும், துணி சுருங்கும். துவைக்காத பருத்தி 100க்கு 5 பங்கு சுருங்குவது சாதாரணம். 20 சென்டிமீட்டர் ஒட்டில் அது 1 சென்டிமீட்டர். பழைய துணியோ சுருங்க வேண்டியதெல்லாம் என்றோ சுருங்கி முடித்துவிட்டது, அதனால் கூடவே சுருங்கிக் கொடுக்காது. அந்த ஒரு சென்டிமீட்டர் இழுப்பு முழுவதும் தையலோரத்தில், நைந்த இழைகள்மேல் விழும். பிறகென்ன, டர்ரென்று கிழியும். புதுத் துணிதான் இருக்கிறது என்றால், வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசிக் காயவைத்து அப்புறம் வெட்ட வேண்டும்.

மத்தேயு 9:16-இல் இயேசு சொன்னது அப்படியே இதுதான். கோடித்துண்டைப் பழைய வஸ்திரத்தோடு யாரும் இணைப்பதில்லை, இணைத்தால் பீறல் அதிகமாகும். மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்குச் சலவைக்காரர் கை படாத துணி என்று பொருள். தமிழில் அதற்குக் கோடி என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த உவமை ஆறுதல் சொல்வதைப் பற்றியது அல்ல. உபவாசத்தைப் பற்றி யோவானின் சீஷர்கள் கேட்ட கேள்விக்குக் கர்த்தர் கொடுத்த பதில் அது. வீட்டுப் பொருளில் ஆவிக்குரிய பாடம் தேடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இங்கேதான். பொருளை முழுதாகப் பார்ப்பதற்குள் வசனத்துக்குத் தாவிவிடுகிறோம். வசனம் எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்றும் பார்ப்பதில்லை. கடைசியில் ஊசிக்கு ஓர் அர்த்தம், நூலுக்கு ஓர் அர்த்தம், முடிச்சுக்கு ஓர் அர்த்தம் என்று எல்லாவற்றிலும் ஏற்றிவிடுகிறோம். வேதம் வேறோரிடத்தில் நேரடியாகச் சொல்லியிருப்பதை விளக்கிக் காட்டத்தான் ஒரு துணியால் முடியும். புதிதாக ஒரு போதனையைத் துணியை வைத்து உண்டாக்கக் கூடாது. அதனால் எங்களுக்குக் கிடைத்த பாடத்தை 2 கொரிந்தியர் 1:4-இல்தான் நிறுத்திப் பார்க்கிறோம். தேவன் நமக்கு அருளிய ஆறுதலைக் கொண்டே, உபத்திரவத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் செய்யச் சொல்லும் வசனம் அது. துவைத்த துணியைப்போல், தண்ணீரைக் கடந்து வந்த ஆறுதல்.

அந்த நாட்களில் எங்களுக்கு வந்த வார்த்தைகளில் சில கோடியாகவே இருந்தன. அன்போடு சொன்னவைதான், யாரையும் குறை சொல்லவில்லை. நாங்களும் மற்றவர்கள் வீடுகளில் அப்படித்தான் பேசியிருப்போம். "எல்லாம் நன்மைக்கே" என்பது சத்தியம்தான். ஆனால் நைந்துபோன மனதின்மேல் சட்டென்று தைத்தால் அதுவும் இழுக்கிறது. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல ஒட்டுத்துணிதான்.

தையலுக்கு வருவோம். ஒட்டின் பாவும், குறுக்கே ஓடும் ஊடையும் போர்வையின் பாவுக்கும் ஊடைக்கும் நேராக இருக்கும்படி வைத்தார். மூலைவாட்டாக வைத்தால் ஒட்டு இழுபட்டுக் கோணிக்கொள்ளும். நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்டினார், கூர்மூலையில்தான் இழுப்பு சேர்ந்து முதலில் பிரியும். சன்னமான பருத்தி நூல், ஒற்றை இழை, ஒரு முழம் நீளம். அதற்குமேல் நீண்டால் துணியில் போய்வந்தே நூல் தேய்ந்து சிக்கல் விழும். நைலான் நூல் தொடவே இல்லை. அது பழைய பருத்தியைவிட வலுவானது, நாளடைவில் துணியை அறுத்துவிடும். ஒட்டுகிற நூல் கிழிந்த துணியைவிடப் பலசாலியாக இருக்கக் கூடாதாம்.

பக்கத்திலிருந்த சின்ன ஓட்டையை ஒட்டில்லாமல், நூலை மேலும் கீழுமாக நெய்து அடைத்தார். ஒவ்வொரு வரிசையிலும் நூலைத் திருப்பும்போது, ஓரத்தில் கடுகளவு வளையம் விட்டுவிட்டே திரும்பினார். இறுக்கிவிடலாமே என்று தோன்றும். புது நூலும் சலவையில் சுருங்கும் அல்லவா? அந்தச் சுருக்கத்துக்கு இடம் வேண்டும்.

ஒரு பக்கம் தைத்து முடித்தபின் விரலால் நீவிப் பார்த்தார். லேசாகச் சுருக்கம் விழுந்திருந்தது. எங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாகத் தூக்கிப் பிரித்து, நூலைத் தளர்த்தி மறுபடி தைத்தார். அரை மணி நேரம் போயிருக்கும். முகம் சுளிக்கவில்லை.

யாக்கோபும் யோவானும் படவில் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மத்தேயு 4:21 சொல்கிறது. குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று பவுல் கலாத்தியர் 6:1-இல் எழுதும்போதும் மூலத்தில் அதே வினைச்சொல்தான். வலைக்கும் மனிதனுக்கும் ஒரே சொல். அந்தச் சாந்தம் எப்படியிருக்கும் என்பதை, நூலைத் தளர்த்திய அந்த விரல்களில் பார்த்தோம்.

அக்கா தம் வாழ்க்கையில் பட்டதைப் பற்றி அன்று ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பின் எபிரெயர் 2:18-ஐ எங்களால் வேறு விதமாக வாசிக்க முடியவில்லை. இயேசு தாமே சோதிக்கப்பட்டுப் பாடுபட்டதினாலே, சோதிக்கப்படுகிறவர்களுக்கு உதவிசெய்ய வல்லவராயிருக்கிறார். பரலோகத்திலிருந்து கோடியாக ஓர் ஒட்டை இறக்கிவிடாமல், நம்முடைய தண்ணீருக்குள்ளேயே இறங்கி வந்தாரே!

கர்த்தருக்கு முன்பாக ஒன்று தீர்மானித்திருக்கிறோம். இனித் துக்கமோ வியாதியோ உள்ள வீட்டுக்குப் போனால், வார்த்தையை எடுப்பதற்கு முன் கையை நீட்டுவோம். துவைத்த பழைய துணிகளை ஒரு பையில் சேர்க்கவும் தொடங்கிவிட்டோம். தைக்க இன்னும் சரியாக வரவில்லை, சுருக்கம் விழுகிறது. பிரித்துப் பிரித்துப் பழகுகிறோம்.

போர்வையை இதுவரை மூன்று முறை துவைத்தாயிற்று. ஒட்டு அப்படியே படிந்து கிடக்கிறது, ஓரத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அக்கா, உங்கள் ஊசியும் மீதி நூலும் எங்களிடமே இருக்கின்றன. ஞாயிறு ஆராதனைக்கு எடுத்து வருகிறோம்.